வேறு: ஒன்று

ஒலுமடுப் பக்கம், மூன்றாம் ஒழுங்கையில்
என் முழங்கால் பதிந்த இடத்துக்கு முன்னால்
கருவி கத்தியது.
குறுகலான கத்தல். மிதிவெடியின் குரல்தான்.

முகக்கவசத்துக்குள் வேர்வை.
பக்கவாட்டாக, விரலளவு விரலளவாக
மண்ணைச் சுரண்டி இழுத்தேன்.
பதினைந்து சென்ரிமீற்றரில்
மினுங்கியது.

மாரி பிஸ்கட் அளவுத் தங்கம்.
அதில் ஒரு பட்டினம்:
மதில், மதிலுக்குள் நெருக்கியடித்த கூரைகள்,
ஊசிக் கோபுரம் ஏழு,
ஆற்றில் பாய் விரித்த கப்பல் இரண்டு.
மேலே முகிலுக்குள்ளிருந்து ஒரு கண்
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.
எண்ணினேன். ஒரு கூரைகூடக் கழன்றிருக்கவில்லை.

மேற்பார்வையாளர் தவநேசன் படிவத்தை விரித்தார்.
மிதிவெடி, கைக்குண்டு, எறிகணைத் துண்டு, வேறு.
"வேறு" என்ற இடத்தில்
ஒன்று என்று போட்டார்.
"நாலரைப் பவுண் தேறும் அக்கா,"
தண்ணிக்கான் தூக்கி வந்த நிரோஜன் சொன்னான்.
என் தாலிக்கொடி வங்கியில் கிடக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

வவுனியாவிலிருந்து தொல்லியல்காரி வந்தாள்,
பஞ்சுப் பெட்டியும் பூதக்கண்ணாடியுமாய்.
சந்தைக்கு அடித்த காசில்லையாம்.
ஐரோப்பாவில் முன்னொரு காலம்
பெரிய மனுசர் வாசலுக்கு வந்தால்
நகரசபை தன் ஊரையே தங்கத்தில் அடித்துத்
தட்டத்தில் வைத்து நீட்டுமாம்.
இங்கே எப்படி வந்தது?
ஒல்லாந்தர் ஆராவது, என்றாள். பிறகு, தெரியாது என்றாள்.
இரண்டாவதை நம்பினேன்.

"பெரிய மனுசர் எண்டால்
படையோட வாறவைதானே?"
"சில வேளை," என்றாள்,
கண்ணாடியிலிருந்து தலை நிமிராமல்.

அப்போது அந்தக் காசு பேசியது
எனக்கு மன்றாட்டமாய்க் கேட்டது.
பார், எத்தினை கூரை. பார், என்ன வடிவு.
வாசலைத் தாண்டும்போது
உன் சட்டைப்பைக்குள் நான் கனக்கவேணும்.

எங்களிடமும் வந்தார்கள்.
தட்டம் இருக்கவில்லை.
ஆசுப்பத்திரிக் கூரையில் சிவப்புக் குருசு கீறி
வானத்துக்குக் காட்டினோம்.
எங்கள் முகிலுக்குள்ளும் ஒரு கண் இருந்தது,
வண்டு என்போம்,
இரைந்துகொண்டே நிற்கும்.
அதுவும் எல்லாவற்றையும் பார்த்தது.

பெட்டியை மூடினாள்.
கையெழுத்துக் கேட்டாள். கையுறையைக் கழற்றி வைத்தேன்.

வெயில் ஏறிவிட்டது.
முகக்கவசத்தை இறக்கி ஒழுங்கைக்குள் குனிந்தேன்.
அடுத்த கத்தல் பதினொன்று நாற்பதுக்கு.
அது மிதிவெடி.
படிவத்தில் அதுக்கு இடமிருந்தது.