நானூற்று எழுபத்து மூன்று

ஸ்னேக் நகரத்துப் பல்பொருள் அங்காடியில்
சீஸ் வெட்டிக் கொடுக்கிறாள் வீட்ஸ்கா.
தமிழில் எழுதும்போது
அவள் பெயரிலேயே ஒரு வீடு வந்து உட்கார்ந்துகொள்கிறது.
அது அவளுக்குத் தெரியாது.
தெரிந்தாலும் வாடகைக்கு உதவாது.

குரோனிங்கனில் மருத்துவத்துக்கு
நானூற்றுப் பத்து இடங்கள்.
அவள் எண் நானூற்று எழுபத்து மூன்று.
அறுபத்து மூன்று பேர் மனம் மாற வேண்டும்,
அல்லது வேறு ஊர் போக வேண்டும்,
அல்லது ரத்தம் கண்டால் தலைசுற்றும் என்பதை
இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அடுத்தது யார்?"
ஒரு நாளைக்கு இருநூறு முறை கூவுகிறாள்.
கிழித்த சீட்டை நீட்டுகிறார்கள்.
கிராம்பு போட்டது அரைக் கிலோ, மெல்லிசாக.
யாரும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு
வீட்டுக்குப் போவதில்லை.
அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

மே மாதம் அழைப்பு
நானூற்று முப்பத்தொன்று வரை வந்தது.
ஜூனில் ஐம்பத்தெட்டு.
பிறகு மழை.
பிறகு ஒன்றுமில்லை.

இடம் கிடைக்கட்டும், அறை தேடலாம் என்றாள்.
அப்புறம் தேடினால் கால்வாயில்தான் தூங்குவாய்
என்றான் அண்ணன் சீத்ஸே.
முப்பத்து நான்கு வீடுகளுக்கு எழுதினாள்.
பதில் போட்டவை மூன்று.
வரச் சொன்னது ஒன்று.

கொர்ரேவேக், மூன்றாம் மாடி.
பன்னிரண்டு சதுர மீட்டர், ஐந்நூற்று நாற்பது யூரோ,
ஜன்னல் பாதிதான் திறக்கும்.
அதைக் கேட்டுப் பதினொரு பேர்.
பெண் பார்க்கும் படலம்தான்.
இங்கே சிப்ஸ் தட்டு மட்டும்
பார்க்கப்படுகிறவர்கள் மடியில்.

சோபாவில் அந்த வீட்டுப் பிள்ளைகள் நால்வர்.
"நீ சமையலறைச் சாமானாக இருந்தால்
எதுவாக இருப்பாய்?"
ஒருத்தி கரண்டி என்றாள், எல்லோரும் சிரித்தார்கள்.
வீட்ஸ்காவின் வாயில் வந்தது வடிகட்டி.
சொன்ன பிறகுதான் உறைத்தது:
ஓட்டையையே உத்தியோகமாக வைத்திருக்கும் பாத்திரம்.
"என்ன படிக்கப் போகிறாய்?"
"மருத்துவம்" என்றாள்,
'போகிறேன்' என்பதை மட்டும் விழுங்கிவிட்டு.

பக்கத்தில் இருந்தவன் திரும்பினான்.
யோரிட், ஈர முடி, பித்தான் தப்பிப் போட்ட சட்டை.
"எனக்கும் அதில்தான் இடம்.
நேற்றிரவு வேண்டாமென்று எழுதிவிட்டேன்.
ஸ்வீடிஷ் மொழி படிக்கப் போகிறேன்.
அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை."

நெரிசல் ரயிலில்
இறங்குவதற்காகப் பையை எடுப்பவனை
நின்றுகொண்டிருப்பவர்கள் பார்ப்பார்களே,
அப்படிப் பார்த்தாள் அவனை.

ஓட்டெடுப்பு முடிந்து செய்தி வந்தபோது
லீவார்டனில் கடைசி ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.
"மன்னித்துக்கொள், வடிகட்டி.
யோரிட்டை எடுத்துக்கொண்டோம்."
ஸ்னேக் வரும்வரை
வயிறு எரிந்தது. சிப்ஸாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி
அழைப்பு நானூற்று எழுபத்து மூன்றில் வந்து நின்றது.
எழுபத்து நான்கு யாரோ, எந்த ஊரோ.
கிடைத்த இடம் எவர் விட்டது என்று
கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.
கத்தியைக் கழுவி வைத்தாள்.
"அடுத்தது யார்?" என்றாள்,
குரல் கொஞ்சம் ஆடிற்று.

செப்டம்பரில் ஊர் எல்லையில், முகாம் மைதானத்தில்,
சீத்ஸேயின் மீன்பிடிக் கூடாரம்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மணிக்கட்டின் எட்டு எலும்புகளையும் மனப்பாடம் செய்கிறாள்.
ஐந்தாவதில் மழை ஒழுகத் தொடங்குகிறது.
பக்கத்துக் கூடாரத்தில் பொருளாதாரம் படிப்பவன்
தூக்கத்தில் யாருக்கோ நன்றி சொல்கிறான்.

வகுப்புக்குப் போகும் வழிதான் கொர்ரேவேக்.
பதினேழு நாள் நிமிர்ந்து பார்க்காமல் சைக்கிள் மிதித்தாள்.
பதினெட்டாம் நாள் மணியடித்தாள்.

யோரிட் இறங்கி வந்தான்,
கையில் பாதி தின்ற ரொட்டி.
"வெந்நீர் வருமா?" என்றாள்.
"ஏழு நிமிஷம்தான் வரும்."
"போதும். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?"
"இல்லை."
படியேறும்போது அவள் தலையிலிருந்து
தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது.
"துண்டு எங்கே?" என்றாள்.