அறுபத்தாறு மில்லிமீட்டர்

லா கூத்யூரில் பிப்ரவரி. பட்டறை ஜன்னலில் ஆவி.
ஒரே கட்டையில் கடைந்த இரண்டு பேரல்கள்
ஓடிலின் மேஜைமேல் நிற்கின்றன.
ஊதுவாய்க்கும் உடலுக்கும் நடுவே
கிளாரினெட்டின் கழுத்து:
அறுபத்தாறு மில்லிமீட்டர் கருமரம்.
கணக்கு எழுதுவது என் வேலை.
என் விலைப்பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரி.

ஒன்றின் துளைக்குள்
ரீமர் போன தடம் அப்படியே கிடக்கிறது,
ஆறிய வெண்ணெயைக் கத்தி வழித்தது போல.
மற்றதை அவள் தேய்த்தாள்.
உப்புத்தாள், அதைவிட நைஸ் தாள்,
எண்ணெய்த் துணி, வெறும் துணி,
ரேடியோ நாடகத்தில்
கொலைகாரன் யாரென்று தெரியும்வரை.
இப்போது அதைக் கண்ணில் வைத்தால்
சுவரெல்லாம் ஜன்னல்;
தபால்காரரின் மஞ்சள் வண்டி
வளைந்து, நீண்டு, நழுவிப் போகிறது.

ரூவானிலிருந்து லெசியூர் வந்தார்.
இருபது வருடமாக இரண்டாம் நாற்காலி.
கண்ணை மூடச் சொல்லி
மாற்றி மாற்றிச் செருகிக் கொடுத்தாள்.
தொண்டைச் சுரங்களில் கொஞ்சம் தயங்கி
மேலே தாவி, இறங்கினார்.
"இது இருட்டு. பிடித்திருக்கிறது.
இது வெளிச்சம், ஆனால் மெலிந்த வெளிச்சம்."
கண் திறந்து, பிடித்ததற்குள் எட்டிப் பார்த்தார்.
"சொரசொரப்பு! நான் சொல்லவில்லையா?"

ஓடில் ஒன்றும் பேசவில்லை.
அளவுமானியைத் துளைக்குள் விட்டாள்.
துணி பளபளப்பைக் கொடுத்துவிட்டுச்
சும்மா போகவில்லை;
மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்கை
வாயில் போட்டுக்கொண்டு போயிருக்கிறது.
அவர் கேட்டது அகலத்தை.
பேர் வாங்கியது சொரசொரப்பு.

அன்றிரவு மூன்றாவது ஒன்று.
தேய்மானத்துக்கு இடம் விட்டுக் குடைந்து,
கண்ணாடியாகத் தேய்த்து,
முதலாவதின் அளவிலேயே கொண்டு நிறுத்தினாள்.

வியாழக்கிழமை லெசியூர் ஒரு மணி நேரம் ஊதினார்.
ஒரே பேரலை இரண்டு முறை கொடுத்தபோது
ஒருமுறை இருட்டு என்றார்,
ஒருமுறை வெளிச்சம் என்றார்.
பிறகு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வித்தியாசமே இல்லை என்று சொல்ல முடியாது.
மூச்சின் ஈரம் சொரசொரப்பில் பரவி நின்றது;
பளபளப்பில் துளியாகத் திரண்டு ஓடி
ஒரு சுரத்துளையில் விழுந்து களகளத்தது.
அது எனக்கே கேட்டது.

சொரசொரப்பையே வாங்கினார்.
விவரம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்றேன்.
"உள்விட்டம் எழுது," என்றாள் ஓடில்,
"புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம். அவ்வளவுதான்."

மூன்றாவது என் மேஜையில் இருக்கிறது.
விலை போடவில்லை.
தபால் வண்டி வரும் நேரத்தில்
எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்கிறேன்.