அட்டைக்கு ஒரு படம்

மோல்மேனில் மழை பிடித்தால்
ஐந்து மாதம் எதுவும் காயாது.
என் ஸ்டூடியோவின் நீலத்துணி முன்னால் மட்டும்
எல்லோரும் உலர்ந்து உட்காருவார்கள்.
அடையாள அட்டைக்குப் படம்.
பருவை அழிப்பேன், தழும்பை அழிப்பேன்,
கேட்டால் மச்சத்தையும்.

மாசியில் என் கன்னம் இரண்டிலும்
மூக்குத் தண்டிலும்
சிவப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தது.
வெயில் பட்டால் எரிந்தது.
தனக்கா அரைத்து அப்பிக்கொண்டேன்.
இந்த ஊரில் அது ஒரு வசதி.

“எதிர்ப்புச் சக்தி போதலைடி உனக்கு”
என்றாள் தனபாக்கியம்.
பையிலிருந்து பச்சை டப்பி எடுத்தாள்.
சின்தோன்மநுவே என்று பர்மியில் போட்டிருந்தது,
நம் சீந்தில்தான்,
கூட ஏழு வேர், பேர் தெரியாதவை.
காசு அப்புறம் கொடு என்றாள்.
அவளும் தின்கிறாள். குதிரை மாதிரி இருக்கிறாள்.

நாளுக்கு நாலு.
மூன்றாம் வாரம் விரல்கணு வீங்கி
மௌஸ் பிடிக்க முடியவில்லை.
வாயில் புண். சீப்பில் கொத்துக் கொத்தாய் முடி.
“அழுக்கு வெளியே வருதுடி, விட்டுடாதே.”
நாலை ஆறாக்கினேன்.

லூபஸ், என்றார் டாக்டரம்மா.
டப்பியை மேசையில் உருட்டியபடி:
“உங்கள் சக்திக்குக் குறைச்சல் இல்லை.
உங்களை அடிப்பதே அதுதான்.
இந்த வேர்தான் தூண்டியதென்று
சத்தியம் செய்ய மாட்டேன். நிறுத்துங்கள்.”
பேர் கேட்டார்.
அஞ்சுகம் என்றேன். அட்டையில் மா மியா நூ.
இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அந்தக் காவல்காரனை எனக்குத் தெரியும்.
கவுண்டருக்குப் பின்னால் இருப்பான்.
எந்த ஊர்? இதே ஊர்.
அப்பா? இதே ஊர்.
அவருக்கு அப்பா?
அவனைப் போல ஒருவனுக்குத்தான்
தோலுக்குள் இடம் கொடுத்து
நாளுக்கு ஆறு மாத்திரை
ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

அட்டை புதுப்பிக்கும் தேதி வந்தது.
தனக்கா இல்லாத முகம் வேண்டும் என்பது விதி.
கழுவினேன். டைமர் வைத்து உட்கார்ந்தேன்.
திரையில் இடக்கன்னத்தை
வெகு சுத்தமாக அழித்தேன்,
இருபது வருடக் கை.
வலதுக்கு வரும்போது
கல்யாண ஜோடி ஒன்று குடையை மடக்கிக்கொண்டு வந்தது.
அவர்களை அனுப்பிவிட்டு வந்து
அப்படியே அச்சடித்துவிட்டேன்.

அவன் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
“இது நீதானா?”
கட்டைவிரலை நீட்டினேன்.
மையில் அழுத்தி உருட்டினான்.
வீங்கிய விரலின் ரேகை
பழைய தாளோடு ஒட்டவில்லை.

மேசைக்கு அடியிலிருந்து
இன்னொரு தாள் எடுத்தான்.
வெளியே தகரத்தில் மழை.
“ஊர்?” என்று தொடங்கினான்.