தேய்ந்த துண்டு

வின்னிபெக். மைனஸ் இருபத்தேழு.
இரவு வேலையில் ஏழாம் வரிசை என் பொறுப்பு:
சலவைத்தூள், பற்பசை, சவர்க்காரம்.

அந்தக் கம்பெனியில் எனக்கு நாற்பத்தொரு பங்கு.
மரிசெலிடம் சொன்னேன்.
"அப்ப முதலாளியம்மா, இந்தப் பெட்டியையும் தூக்குங்கோ" என்றாள்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் பங்கிலாபம்.
முதல்தரம், அதற்கான நாள் விடிய
விலை அதே அளவு இறங்கிக் கிடக்க,
களவு போய்விட்டதென்று வங்கிக்கு போன் எடுத்தேன்.
"வலது பையில் இருந்தது இடது பைக்கு வருகிறது, மேடம்"
என்றது ஒரு நித்திரைக் குரல்.

இந்தமுறை
அமெரிக்கா தன் பதினைந்து வீதத்தைக் கிள்ளிய பிறகு
இருபத்தாறு டாலர் ஐம்பது சதம்.
கைக்கு வராமலே அது பங்காக மாறியது:
பூச்சியம் தசம் ஒன்று நாலு.

அதே கிழமை
சலவைத்தூளுக்கு ஒரு டாலர் கூட்டிய விலைச்சீட்டை
என் கையால்தான் ஒட்டினேன்.
பெட்டியும் கொஞ்சம் மெலிந்திருந்தது.
மரிசெல் அதைத் தன் கூடையில் போட்டபோது
நான் பற்பசைகளை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

காலையில் குளிக்கையில்
தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டை
புதுக்கட்டியின் முதுகில் வைத்து அழுத்தினேன்.
ஒட்டிக்கொண்டது.