ஈயம்

கொடுங்கையூரில் எங்கள் கடைக்குப் பேர்
தேசப்பன் சவுண்ட் சர்வீஸ்.
எட்டுக் குழாய், இரண்டு ஆம்ப்ளிஃபயர்,
உதைத்தால் மட்டும் ஓடும் ஜெனரேட்டர்.
சாவுக்கும் கட்டுவோம், சாமிக்கும் கட்டுவோம்,
ஒரே வயர்தான்.
இடக்காது எனக்கு ஐந்து வருடமாகக் கிடையாது.
குழாயடியிலேயே படுத்தால் வேறென்ன ஆகும் என்றார்
ஸ்டான்லி டாக்டர்.

தை மாதம் நாகாத்தம்மனுக்குக் கும்பாபிஷேகம்.
'எழுதாக்கிளவி முழங்க' என்று
நோட்டீஸில் போட்டிருந்தார்கள்.
எழுதாததை
வால்டாக்ஸ் ரோடு பிரஸ்ஸில் எப்படி அச்சடித்தார்களோ.

யாகசாலையில் நாலு பேர் ஓதினார்கள்.
வேதம் என்றால் பாஸைக் குறைத்து
ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றுவது என் கணக்கு.
நடுவில், இருக்கிறவர்களில் சின்னவன்,
பத்தொன்பது வயதிருக்கும், கையை உயர்த்தினான்.
எல்லோரும் நிறுத்தினார்கள்.
மைக் போச்சு என்று ஓடிப்போய்
ஜாக்கைப் பிடுங்கிச் செருகினேன்.
'உங்க மைக் இல்லண்ணா.
ஒரு சுரம் இறங்கிடுச்சு. ஏறணும்.'
மூன்று சொல் பின்னால் போய்
மறுபடி பிடித்தார்கள்.
எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

டீ கொடுக்கிற சாக்கில் அவனிடம் கேட்டேன்:
'இதுக்கெல்லாம் இன்னா அர்த்தம் சாமி?'
'பாதி தெரியும்ணா.
மீதிய வந்த மாதிரியே அனுப்பிடணும்.'
சிரித்துவிட்டேன்.
என் வயர் வாய் திறந்தால்
இதைத்தான் சொல்லும்.

மத்தியானம் மூலைக் குழாய் கரகரத்தது.
பந்தல் ஓரமாகக் குந்தி
சால்டரிங் ராடைச் சூடேற்றி
ஈயக் கம்பியைத் தொட்டேன்.
அந்தப் புகை எனக்குப் பிடிக்கும்.

கேட்கக் கூடாதவன் கேட்டால்
காதில் ஈயம் காய்ச்சி ஊற்று என்று
ஏதோ ஓர் ஏட்டில் இருக்கிறதாம்.
கூட்டமொன்றில் மேடையில் சொன்னார்கள்.
சரியாக அந்த இடத்தில்தான்
நான் வால்யூமைக் கூட்டினேன்.
எந்த ஏடு, எந்த வரி, கேட்டுக்கொள்ளவில்லை.

ஈயம் உருகி
ஒரு நொடி வெள்ளிச் சொட்டாக நின்றது.
அறுந்த செம்பு நுனிகள் இரண்டும்
அதற்குள் போய் ஒட்டிக்கொண்டன.
ஊதி ஆற்றினேன்.
குப்பைமேடு வரைக்கும் போயிற்று குரல்.
அங்கே பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள்,
மாடுகள், நாரைகள்,
எல்லாம் கேட்டிருக்கும்.

ஆறரை மணிக்குக் கரண்ட் போனது.
ஆம்ப்ளிஃபயரின் சிவப்புக் கண் மூடிக்கொண்டது.
நாலு பேரும் நிறுத்தவில்லை.
நெருப்பு வெளிச்சத்தில் உதடுகள் மட்டும்.
முதல் தடவையாக
நான் நடுவில் இல்லாமல் கேட்டேன்,
வலக்காதைத் திருப்பி வைத்துக்கொண்டு.
சின்னதாக இருந்தது.
பக்கத்தில் இருந்தது.
ஓர் இடத்தில் ஏறிற்று, அதுவாகத்தான் இருக்க வேண்டும்.
பையனைப் பார்த்தேன்,
கண்ணை மூடியிருந்தான்.

வெளியே எங்கள் வீராசாமி
ஜெனரேட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்.
பிடித்துவிடாதே, பிடித்துவிடாதே என்றிருந்தது.
வாடகையில் கழித்துக்கொள்வார்களே என்றும் இருந்தது.