குன்றக்கூறல்

ஒரே மே மாதத்துக்கு
என் மேஜையில் நான்கு கணக்கு.

மாவட்ட அறிக்கையில் தொற்றால் இறந்தவர் இருநூற்றுப் பன்னிரண்டு.
மாநகராட்சிப் பதிவேட்டில், எல்லாக் காரணமும் சேர்த்து,
ஆயிரத்து நூற்று ஆறு.
பாலாற்றங்கரை கன்னியப்பனின் நோட்டில்
ஆள் இல்லை, விறகுதான்:
வேம்பு மூன்று வண்டி, புளி இரண்டு,
தேதி கலைந்த இடத்தில் 'ராத்திரி ஒரு வண்டி'.

நான்காவது, பெங்களூர் ஆய்வு மாணவி அனுப்பிய தாள்:
வேலூர், மிகை மரணம், கழித்தல் பதினேழு.

கழித்தல் பதினேழு.
சாகவேண்டியவர்களில் பதினேழு பேர்
அந்த மே மாதத்தில் சாகவில்லையாம்.
எங்காவது பார்த்தால் சொல்லுங்கள்,
டீ வாங்கித் தருகிறேன்.

கூட்டலில் பிழையில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.
ஐந்து வருட மே மாதங்களைக் கூட்டி
ஐந்தால் வகுத்தால் ஆயிரத்து நூற்று இருபத்து மூன்று.
அதற்குப் பெயர் எதிர்பார்த்த சாவு.
எதிர்பார்த்தது யார் என்று எழுதப் பத்தி இல்லை.

எங்கள் ஊருக்குப் பிழைக்க வருவார்கள்,
மால்டாவிலிருந்து, தன்பாத்திலிருந்து,
காட்பாடி சந்திப்பில் எக்ஸ்ரே உறையோடு இறங்கி
வங்காளத்தில் போர்டு தொங்கும் லாட்ஜில்
நாள்வாடகைக்கு அறையும், மணிவாடகைக்கு அடுப்பும் எடுத்து.
பிழைத்தவர் ரயிலில் ஏறுவார்.
மற்றவர் என் பதிவேட்டில்.
ஐந்து வருட சராசரியில்
அவர்கள் அத்தனை பேரும் வேலூர்க்காரர்கள்.

அந்த மே மாதம் அவர்கள் வரவில்லை.
காலியான இடத்தில்
கொசப்பேட்டை படுத்தது,
கஸ்பா படுத்தது, சத்துவாச்சாரியில் ஒரு தெருவில்
வீடு விட்டு வீடு.
வரி நிரம்பியது, அவ்வளவுதான். மிகையாக யாருமில்லை.
வராதவர்கள் எங்கே இறந்தார்கள் என்பது
வேறு யாருடைய மேஜையிலோ இருக்கும்.

கன்னியப்பனிடம் கேட்டேன்,
ஓர் ஆளுக்கு எவ்வளவு விறகு?
'முன்னல்லாம் கால் டன்னு. அந்த மாசம் பாதிதான் வெச்சோம்.
கடேசி வாரம் அதுகூட இல்ல.
கணக்கு கேக்கறியேமா,
இன்னாத்த வெச்சி வகுப்ப?'

கபரஸ்தான் முத்தவல்லி ஹயாத் பாஷா
கூலிப் புத்தகத்தையே கொடுத்தனுப்பினார்.
இரவில் தோண்டினால் இரட்டைக் கூலி.
தொகையை வைத்து எண்ணினால்
ஒரு ஜனாஸா இரண்டாகிவிடுகிறது.
பகலில் தோண்டிய பக்கமே அதில் நான்குதான்.

குறைத்துச் சொன்னாலும் குற்றம்,
மிகுத்துச் சொன்னாலும் குற்றம் என்கிறது இலக்கணம்.
சரி.
மிகை என்றால் தேவைக்கு மேல்.
தேவை எத்தனை பேர்?

என் நாத்தனார் வீட்டுக்காரர் ஏகாம்பரம்
ஆக்சிஜன் படுக்கை சித்தூரில் காலி என்று கேள்விப்பட்டு
அந்தப் பக்கம் போன ஆம்புலன்சில்,
கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடி தாண்டி
இ-பாஸ் காட்டிவிட்டுத் திரும்பிய மகன்
கதவைத் திறந்தபோது இல்லை.
அங்கேயும் எழுதினார்கள்.
வாரிசுச் சான்றுக்காக மகன் இங்கேயும் எழுதினான்.

நேற்றுத் திரையில் வந்தது:
இரட்டைப் பதிவு. ஒன்றை நீக்கவும்.
விதி தெளிவானது. இறந்த இடமே பதியும் இடம்.
சித்தூருக்கு போன் போட்டேன்.
'முகவரி உங்க ஊர்தானே, வெளிமாநிலப் பட்டியல்ல இருப்பார்' என்றார்கள்.
அந்தப் பட்டியலை எந்த மொத்தத்தில் சேர்க்கிறீர்கள் என்றேன்.
லைன் இருந்தது. பதில்தான் வரவில்லை.

நீக்கவா என்று கேட்டது இயந்திரம்.
விரல் வைத்தேன்.
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது, சர்வர் மெதுவு.

மாணவி மறுபடி எழுதியிருக்கிறாள்:
எந்த எண் சரி மேடம்?
நான்கும் சரி என்று அடித்தேன், அழித்தேன்.
நான்கும் தப்பு என்று அடித்தேன்.
அதையும்.

கடைசியில் அலுவலக நடையிலேயே அனுப்பினேன்:
'தாங்கள் கோரிய விவரத்தில் ஒரு சிறு திருத்தம்.
ஆயிரத்து நூற்று ஐந்து என்று கொள்ளவும்.
மிகை மரணம்,
கழித்தல் பதினெட்டு.'