முயல்காது

ஐந்து செடிகளைக் கொன்றிருக்கிறேன்.
ஒன்றைக்கூடப் பட்டினி போட்டுக் கொல்லவில்லை.

தாப்பா சந்தைக்கு
கேமரன்மலைக் கோசு லாரி வந்து நிற்கும் விடியலில்
டிரைவர் லிங்கேஸ்
ஈரக் காகிதத்தில் சுற்றிய குச்சிகளை நீட்டுவான்.
"இதையாச்சும் பொழைக்க வைங்கண்ணே."

கோலாலம்பூர் ஓட்டலில் பதினொரு வருடம்
இத்தாலிக்காரன் முதுகுக்குப் பின்னால் நின்றவன் நான்.
வெண்ணெய் நுரைக்கும்போது இந்த இலையைப் போடு,
எட்டு எண்ணு, எடு.
ஒன்பது எண்ணினால் கசக்கும்.
ஓட்டலை மூடினார்கள்.
எட்டு வரை எண்ணுவது மட்டும்
என்னோடு ஊருக்கு வந்தது.

இங்கே எதுவும் முளைக்கும்.
வேலிக்கு நட்ட மரவள்ளிக் குச்சி துளிர்க்கிறது.
சாய்த்து வைத்த துடைப்பத்தில் காளான்.
நாலு மணி மழை
வட்டிக்காரனைப்போல் நேரம் தவறாது,
ஆனால் இவன் வாங்குகிறவன் இல்லை,
கொடுத்தே குடும்பத்தைக் கெடுக்கிறவன்.

முதல் செடி வேரிலிருந்து கறுத்தது.
இரண்டாவது நத்தைக்கு.
மூன்றாவதுக்குப் புனிதா
அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினாள்,
கறிவேப்பிலைக்கு ஊற்றும் அதே பிரியத்தோடு.
அவளை என்ன சொல்ல.
நான்காவதில் வெள்ளை ஈ.
ஐந்தாவது ஏன் செத்தது என்று தெரியவில்லை.
அதன்மேல்தான் இன்னும் கோபம்.

ஆறாவதுக்குப் பெயிண்ட் டின்.
அடியில் ஆணியால் ஏழு ஓட்டை.
ஆற்று மணல் பாதி.
செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கும் ஷஃபிகுல்
எரிந்த கொட்டை ஓடு ஒரு சாக்கு கொண்டுவந்தான்.
"பயிர் வைக்கவா இதை?" என்று
வங்காளம் கலந்த மலாயில் சிரித்தான்.
கொஞ்சம் முட்டை ஓடு, நொறுக்கி.
உரம் கிடையாது.
தகரக் கூரை முடியும் இடத்தில்,
வெயில் படும், சாரல் படாத ஒரு முழ இடம்.
காலையில் விரல் நுழைத்துப் பார்ப்பேன்,
ஈரம் தட்டினால்
பேசாமல் திரும்பிவிடுவேன்.
கொடுக்காமல் இருப்பதற்கு
இவ்வளவு பழக்கம் வேண்டியிருக்கிறது.

பிழைத்தது.
சாம்பல் பூத்த பச்சை,
பூனை நாக்குபோல் ஒரு சொரசொரப்பு.
நுனி கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளைத்தது.

பூசணியை வதக்கி அதன்மேல் இரண்டு இலை பொரித்துப் போட்டேன்.
"என்னண்ணே, ஓமவல்லி கருகிடுச்சா?"
"கிளினிக் வாசம் அடிக்குது."
கக் ரோஸ்னா இலையை வெளிச்சத்தில் பிடித்து
"டாவுன் அப்பா?" என்றார்.
எந்த அப்பாவுக்கும் தெரியாது, அக்கா.
ஓட்டலில் சேஜ் என்றார்கள்.
இங்கே சேஜ் என்றால்
என்ன, சேச்சியா என்கிறார்கள்.

எடைமேடைக் கிளார்க் செல்வமலர்தான்
ஒற்றை விரலால் இலையைத் தடவிப் பார்த்து,
ஏதோ தூங்குகிறதைத் தொடுவதுபோல,
"முயல்காது" என்றாள்.

பெயர் ஒட்டிக்கொண்டது.
இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள்
"பூசணி, ரெண்டு காது" என்கிறார்கள்.
பலகையில் சாக்கட்டியால் எழுதினேன்,
நாலு வெள்ளி.
தொண்டை கட்டிய ஷஃபிகுலுக்கு
வெந்நீரில் இட்டுக் கொடுத்தேன்,
முகம் சுளித்துக் குடித்தான், மறுநாளும் கேட்டான்.

லிங்கேஸ் சொல்கிறான்,
மலைக்குளிர் படாமல் இது பூக்காதாம்.
இங்கே குளிர் என்பது
ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற விஷயம்.
பூக்காது, முயல்காது:
சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.
பூவை யார் பொரிக்கப் போகிறார்கள்.

நேற்று வங்கியில் வரிசை நீண்டுவிட்டது.
மூன்றரைக்கே வானம் கிழிந்தது, காற்றோடு.
சாரல் எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியும்.
மோட்டாரை மிதித்து, நனைந்து,
ஆறையும் இழந்தவனாக வந்து சேர்ந்தேன்.

டின் கல்லாமேசைமேல் இருந்தது,
பணப்பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு.
யார் தூக்கி வைத்தது?
எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.
மண்ணில் விரல் வைத்தேன். காய்ந்திருந்தது.

இரண்டு இலை குறைந்திருந்தது.